முதலில் உட்கார்ந்தவளுக்கு எத்தனை கேள்வி?

கணக்கை விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பெற்றோர் கூட்டமானாலும் சரி, ஆசிரியர் பயிற்சியானாலும் சரி, எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எந்த விளையாட்டு, அதில் எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடுகிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. போன டிசம்பரிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

என் தங்கை மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் கணித நாள் விழாவுக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். தங்கைக்கு அலுவலகத்தில் லீவு கிடைக்காததால் நான் போனேன். சுவரெல்லாம் ராமானுஜன் படமும், 1729 என்று பெரிதாக எழுதிய சார்ட்டுகளும். நிகழ்ச்சியில் எல்லோரும் காத்திருந்தது வாய்ப்பாட்டுப் போட்டிக்குத்தான். வகுப்பு முழுக்க எழுந்து நிற்க வேண்டும். மிஸ் ஒவ்வொருவராகக் கைகாட்டிக் கேட்பார். மூன்று எண்ணுவதற்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். கைதட்டலும் கூச்சலுமாக அறையே அதிர்ந்தது. நிற்கிற பிள்ளைகளின் முகத்தில் உண்மையான உற்சாகம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். என் தங்கை மகள் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "நான் மொதல்லயே உட்கார்ந்துட்டேன் பெரியம்மா. அதுக்கப்புறம் ஜாலியா இருந்துச்சு." வருத்தமே இல்லாத குரல். அழுதிருந்தால் சமாதானம் சொல்லி மறந்திருப்பேன். கணக்கிலிருந்து தப்பித்ததைப் பரிசு கிடைத்ததைப் போலச் சொன்னாளே, அதுதான் தைத்தது.

அன்று இரவு அந்தப் போட்டியையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் பாதிப் பேர் உட்கார்கிறார்கள். முதல் சுற்றில் உட்கார்ந்த 20 பேருக்கும் ஆளுக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். அடுத்த சுற்றில் உட்கார்ந்த பத்துப் பேருக்கு இரண்டு. நான்காவது சுற்றுக்கு வரும் ஐந்து பேருக்கு ஏற்கெனவே வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும், அவர்களுக்குத்தான் நான்கு, ஐந்து கேள்விகள். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவாகவும், தேவையே இல்லாதவர்களுக்கு அதிகமாகவும் கொடுக்கிற ஏற்பாடு இது. மருத்துவமனையில் காய்ச்சல் அதிகமாக இருப்பவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நன்றாக இருப்பவர்களுக்கு மருந்து கொடுப்பதைப் போல.

இதை ராமானுஜன் பிறந்த நாளில் நடத்துகிறோம் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறி, கல்லூரித் தேர்வில் தோற்று, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் அவர். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தவர். டிசம்பர் 22-ஐ 2012 முதல் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம். வருஷக்கணக்கில் ஓர் எண்ணோடு உட்கார்ந்திருந்த ஒருவரின் பெயரால், மூன்று எண்ணுவதற்குள் பதில் சொல்லாத பிள்ளையை உட்காரச் சொல்கிறோம்.

நாலாம் வகுப்பின் தன்மானம்

நான் ஆசிரியை இல்லை. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது பெரம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலராகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். கொரோனாவில் பள்ளி மூடியிருந்த காலத்தில் விட்டுப்போனதை ஈடுகட்டத்தான் அந்தத் திட்டம். பிள்ளைகள் பழகிவிட்டதால் மாலை நேர வகுப்பு எங்கள் மொட்டைமாடியில் இன்னும் நடக்கிறது. பெரும்பாலும் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஆறாம் வகுப்புக்குப் போனவர்களும் சிலர் விடாமல் வருகிறார்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கணக்குப் பாட்டுப் பாடி ஆட வைக்கலாம், மணி கோக்க வைக்கலாம், பொம்மை முகமூடி போட்டு எண்ணச் சொல்லலாம். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது பாட்டும் பொம்மையும் நன்றாகவே எடுபட்டதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பிறகு அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. ஒன்பது பத்து வயதில் பிள்ளைகளுக்குத் தன்மானம் வந்துவிடுகிறது. நான் ஒருநாள் பாட்டோடு ஆரம்பித்தபோது ஒரு பையன், "நாங்க என்ன ஒண்ணாங்கிளாஸா அக்கா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்த வயதுக்கு வேண்டியது சூழ்ச்சி. எதிராளியை மடக்க வேண்டும், மடக்கப்படாமல் தப்பிக்க வேண்டும், இதைச் செய்தால் அவன் என்ன செய்வான் என்று யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்குள் கணக்கு இருந்தால் பிள்ளை கணக்குப் போடும். வெளியே ஒட்டவைத்த கணக்கை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சென்னையில் பழைய ஆசிரியர்களிடம் இதைப் பேசினால் செயல்வழிக் கற்றல் காலத்துக்குப் போய்விடுவார்கள். 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் 13 பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கிய முறை அது. ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குக் கிராமப் பள்ளிகளைப் பார்த்து வந்து வடிவமைத்தார்கள். பெஞ்சு இல்லை, பாய். பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. சுவரில் கற்றல் ஏணி. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறிப் போகும். 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அதைப் பற்றிப் பல விமர்சனங்கள் உண்டு, கடைசியில் அட்டை அடுக்குவதே வேலையாகிவிட்டது என்று என் தோழியே சொல்வாள். அவள் வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. ஆனாலும் அந்த முறையில் நான் மிகவும் மதிக்கிற ஒன்று இருக்கிறது. மெதுவாகப் போகிற பிள்ளையை அது உட்கார வைக்கவில்லை. அவளுக்கும் ஏணியில் ஒரு படி இருந்தது.

தாயக்கட்டை சரியில்லை

அரையாண்டு விடுமுறைக்குத் தங்கை மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாடியில் வகுப்பு என்றதும் முகம் சுருங்கியது. வகுப்பு கிடையாது, விடுமுறைதானே, தாயம் ஆடலாம் என்றேன். அம்மாவிடம் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி இருக்கிறது. மாடித் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம்.

தாயம் ஆடாத தலைமுறை வந்துவிட்டதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டை ஒன்றுக்கு நீளவாக்கில் நான்கு முகம். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒன்றில் ஒன்றுமே இல்லை. இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டி, விழுந்ததைக் கூட்டிக் காய் நகர்த்த வேண்டும். கூட்டி ஒன்று வந்தால் அதற்குத் தாயம் என்று பெயர், இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. எங்கள் வீட்டு வழக்கப்படி தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்குக்குக் கிடையாது. வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க ஆடுகிற பரமபதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பரமபதத்தில் விழுந்ததை நகர்த்துவதோடு சரி, நீங்கள் முடிவு செய்ய ஒன்றும் இல்லை. தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது, எதை வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் உட்கார வைத்துக் காப்பாற்றுவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும்.

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், தாயம் விழாமல் காயை இறக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கோபத்தில் கட்டையைத் தூக்கிப் போட்டான். "கட்டை சரியில்ல அக்கா. எப்பப் பாரு மூணுதான் விழுது." பக்கத்தில் இருந்தவள், "எனக்கும் மூணுதான்டா" என்றாள். என் தங்கை மகள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் நாற்காலியிலிருந்து, "அறுபது வருஷமா அந்தக் கட்டைதான், அதெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

சரி, பார்த்துவிடலாம் என்றேன். ஆட்டத்தை நிறுத்தாமல், ஒவ்வொரு உருட்டுக்கும் தரையில் ஒரு கோடு போடச் சொன்னேன். தாயத்துக்கு நேரே, இரண்டுக்கு நேரே, மூன்றுக்கு நேரே என்று கோடுகள் வளர்ந்தன. பையன் சொன்னது உண்மைதான். மூன்று எல்லாவற்றையும் தாண்டிப் போனது. ஆறும் பன்னிரண்டும் கடைசியில் ஒட்டிக்கொண்டு நின்றன. பிள்ளைகளுக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது, ஆனால் அதில் ஏதோ கோணல் இருப்பதாகச் சொன்னார்கள். தாயத்திலிருந்து ஏறி, மூன்றில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கி, கடைசியில் பன்னிரண்டு மட்டும் வாலைப்போல நீட்டிக்கொண்டிருந்தது. மலையின் ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இருட்டிவிட்டது, கலைந்து போனார்கள். பதில் எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தங்கை மகள் வாயில் பிரஷ்ஷோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா, பன்னெண்ட தப்பான எடத்துல எழுதியிருக்கோம். அது பன்னெண்டு இல்ல, சைபர். சும்மா பன்னெண்டுன்னு சொல்றோம். அத எடுத்துத் தாயத்துக்கு முன்னாடி வைக்கணும்." கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு அவளோடு மாடிக்குப் போனேன். பன்னிரண்டின் கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தாயத்துக்கு முன்னால் போட்டாள். வால் மறைந்தது. கிட்டத்தட்ட இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கும் மலை தரையில் நின்றது.

மற்ற பிள்ளைகள் வந்த பிறகு அவளேதான் விளக்கினாள். ஒரு கட்டையில் நான்கு முகம், அது ஒவ்வொன்றோடும் இன்னொரு கட்டையின் நான்கு முகம், ஆக 16 விதமாக விழலாம். எழுதிப் பார்த்தார்கள். மூன்று மட்டும் நான்கு விதமாக வருகிறது: வெறுமையும் மூன்றும், மூன்றும் வெறுமையும், ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும். இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று விதம். தாயத்துக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. கட்டை சரியாகத்தான் இருந்தது.

அதோடு முடியவில்லை. கட்டையைத் தூக்கிப் போட்ட பையன் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அதான் அக்கா அதுக்கெல்லாம் மறு ஆட்டம்" என்றான். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. எதெல்லாம் அரிதாக விழுமோ அதற்கெல்லாம் இன்னொரு உருட்டு. சுலபமாக விழும் இரண்டு, மூன்று, நான்குக்கு இல்லை. பதினாறில் ஆறு விதம்தான் மறு ஆட்டம் தருகிறது. யார் எப்போது வகுத்த விதியோ, அதை வகுத்தவர்களுக்கு நிகழ்தகவு என்று ஒரு பாடம் இருப்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த எண் எவ்வளவு அரிது என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் சுற்றில் உட்கார்ந்த பிள்ளைதான் அந்தப் பன்னிரண்டை இடம் மாற்றினாள். ஓர் இரவு முழுக்க எடுத்துக்கொண்டாள். மூன்று எண்ணுவதற்குள் சொல்ல வேண்டும் என்றால் அவளால் சொல்லியிருக்க முடியாது. என்னாலும் முடியாது. அவளுக்கு வாய்ப்பாடு இன்னும் தடுமாறுகிறது, அது அப்படியே மாறிவிடவில்லை. ஆனால் கணக்கு என்றால் என்ன என்று அவள் மனதில் இருந்தது அந்தக் காலையில் மாறியது. அதற்குப் பிறகு விடுமுறை முடியும்வரை அவள் மாடிக்கு வரத் தயங்கவே இல்லை.

வாய்ப்பாடு வேண்டாமா?

இதைத் தோழியிடம் சொன்னபோது அவள் உடனே கேட்டது இதுதான். "தாயமெல்லாம் சரி. ஏழெட்டு ஐம்பத்தாறுன்னு வராம வகுத்தல் எப்படிப் போடும் பிள்ளை?" அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாய்ப்பாடு மனதில் இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு படியிலும் விரல் விட்டு எண்ணுகிற பிள்ளை, எதற்காக எண்ண ஆரம்பித்தோம் என்பதையே பாதியில் மறந்துவிடுகிறது. என் சண்டை வாய்ப்பாட்டோடு இல்லை. நிற்கவைத்துக் கேட்கும் போட்டி, யாருக்குத் தெரியும் என்று அளக்கிறது. தெரியாதவளுக்கு அது எதையும் கற்றுக் கொடுப்பதில்லை.

தோழிக்கு நான் சொன்னது பெருக்கல் கட்டம். ஒன்று முதல் ஒன்பது வரையான எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால் 81 கட்டங்கள் வரும், ஆனால் அதில் திரும்பத் திரும்ப வருவதை நீக்கினால் வெவ்வேறு விடைகள் 36 மட்டுமே. ஆறுக்கு ஆறு சதுரத்தில் அழகாக அடங்கிவிடும். அதன் கீழே ஒரு வரியில் 1 முதல் 9 வரை எழுதி, இரண்டு புளியங்கொட்டைகளை இரண்டு எண்களின் மேல் வைக்க வேண்டும். அந்த இரண்டின் பெருக்கல் விடை உங்களுடையது, அந்தக் கட்டத்தில் உங்கள் குறியைப் போட்டுக்கொள்ளலாம். எதிராளி தன் முறையில் ஏதாவது ஒரு கொட்டையை மட்டும் நகர்த்தலாம். வரிசையாக நான்கு பிடித்தவர் வென்றார்.

இதில் நடப்பதைக் கவனியுங்கள். எனக்கு 42 வேண்டும். கொட்டைகள் 6-லும் 4-லும் இருக்கின்றன. நான்கில் இருப்பதை ஏழுக்குத் தள்ளினால் கிடைத்துவிடும். ஆனால் ஆறும் ஏழும் அங்கே கிடந்தால், ஏழில் இருப்பதை அவன் எட்டுக்கு நகர்த்தி 48-ஐப் பிடித்துவிடுவானோ? ஒரு காய் நகர்த்துவதற்குள் பிள்ளை பத்துப் பெருக்கலை மனதில் போட்டுப் பார்க்கிறது, அதுவும் தலைகீழாக. 42 எப்படியெல்லாம் வரும், 24 எப்படியெல்லாம் வரும் என்று. யாரும் கேட்காமலே. தப்பாகச் சொன்னால் எதிராளி விட மாட்டான், ஆசிரியை சிவப்புப் பேனாவோடு நிற்க வேண்டியதில்லை. ஆட்டம் முடியும்வரை இருவரும் ஆட்டத்திலேயே இருக்கிறார்கள். தோழி வகுப்பில் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்துச் செய்து பார்த்தாள். சத்தம் கொஞ்சம் அதிகம்தான், பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டார்கள். இப்போது மைதானத்து வேப்பமரத்தடியில் நடத்துகிறாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அதைத் தவிர வேறு எதையும் பிள்ளைகள் செய்ய விடுவதில்லையாம்.

இட மதிப்புக்கு ஒன்று. கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி 0 முதல் 9 வரை எழுதிக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் நான்கு பெட்டி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சீட்டை எடுத்துச் சத்தமாகச் சொன்னதும் எல்லோரும் அந்த இலக்கத்தை ஏதாவது ஒரு பெட்டியில் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. நான்கு சீட்டு முடிந்ததும் யாருடைய எண் பெரிது? ஒன்பது வந்தால் ஆயிரத்தில் வைப்பார்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. முதல் சீட்டு ஏழாக இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் மாடியே இரண்டுபட்டது. இதைவிடப் பெரியது எட்டும் ஒன்பதும் மட்டும்தானே, ஏழையே ஆயிரத்தில் வை என்று ஒரு கட்சி. இன்னும் மூன்று சீட்டு வரப் போகிறதே, காத்திரு என்று இன்னொரு கட்சி. அந்த மூன்றில் எட்டோ ஒன்பதோ வருவதற்கான வாய்ப்பு பன்னிரண்டில் ஏழு, பாதிக்கும் கொஞ்சம் அதிகம். இரண்டு கட்சிக்கும் பேச இடமிருக்கிறது. நூறாம் இடத்துக்கும் ஆயிரத்தின் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு ஆத்திரத்தோடு பிள்ளைகள் பேசி நான் வேறெங்கும் கேட்டதில்லை.

நடுவில் யார்?

நான்காம், ஐந்தாம் வகுப்பில் நிறையப் பிள்ளைகள் கணக்கைக் கைவிடுவது பின்னத்தில்தான் என்பது என் அனுபவம். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் மேலே மேலேயோடு, கீழே கீழேயோடு கூட்டி 2/5 என்பார்கள். எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் அடுத்த வாரம் மறுபடி அதுவே வரும். அதைத் திருத்துவதற்காக இல்லாமல், வேறு ஒன்றுக்காக ஆரம்பித்த விளையாட்டு இது. இரண்டு பின்னங்களைச் சொல்வேன். அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஒரு பின்னத்தை அவர்கள் சொல்ல வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் 30 கட்ட நீளத்துக்கு ஒரு பட்டை வரைந்து நிரூபிக்கவும் வேண்டும்.

1/2-க்கும் 1/3-க்கும் நடுவில் என்ன என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, ஒருத்தி 2/5 என்றாள். எப்படி என்றால், கூட்டினேன் என்றாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. மற்றவர்கள் தப்பு தப்பு என்று கத்தினார்கள். பட்டையில் பார்க்கலாம் என்றேன். 30 கட்டத்தில் பாதி 15, மூன்றில் ஒன்று 10, ஐந்தில் இரண்டு பங்கு 12. இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அதன் பிறகு எந்த இரண்டு பின்னத்தை எடுத்தாலும் அப்படிக் கூட்டினால் கிடைப்பது நடுவிலேயே விழுகிறதா என்று தேடுவது அவர்கள் வேலையாகிவிட்டது. விழுகிறது, எப்போதும் விழும்.

அதற்குக் காரணம் கேரம் ஆட்டத்தில் இருக்கிறது. முதலில் இரண்டு அடி அடித்து ஒரு காயைக் குழியில் தள்ளினாய். அப்புறம் மூன்று அடியில் ஒரு காய். மொத்தத்தில் ஐந்து அடிக்கு இரண்டு காய். உன் மொத்த ஆட்டம், நன்றாக ஆடிய பகுதியைவிட மோசமாகவும், மோசமாக ஆடிய பகுதியைவிட நன்றாகவும்தானே இருக்க முடியும்? கேரம் ஆடுகிற பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்தது. இன்னொன்றும் சேர்ந்தே புரிந்தது. பாதியோடு இன்னொரு பங்கைக் கூட்டினால் பாதியைவிடக் குறைந்து போகுமா என்ன? அப்படியானால் 2/5 என்பது கூட்டல் விடையாக இருக்கவே முடியாது. வருஷம் முழுக்கத் தப்பு என்று அடித்துக்கொண்டிருந்த ஒன்றை, இது வேறொரு கேள்வியின் சரியான விடை என்று சொன்ன பிறகுதான் அந்தத் தவறு குறைய ஆரம்பித்தது. பிள்ளையின் தவறுக்குள் ஒரு காரணம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்தக் காரணத்தைத் தேடிப் பார்க்கிற அளவுக்கு அவகாசம் தராத எந்த விளையாட்டும், எவ்வளவு கைதட்டல் வாங்கினாலும், எனக்கு வேண்டாம்.

தோழி இப்போது வகுத்தலுக்கு ஒன்று கேட்டாள், மீதி ஓட்டம் சொல்லியிருக்கிறேன். பாம்பைப்போல வளைந்து போகும் பாதையில் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஓர் ஈரிலக்க எண். நீங்கள் நிற்கும் எண்ணை, பகடையில் விழுந்த எண்ணால் வகுக்க வேண்டும். மீதி எவ்வளவோ அத்தனை கட்டம் முன்னே போகலாம். மீதி வராவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். பாதையைப் பிள்ளைகளே வரைய வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை, ஏனென்றால் சூழ்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் மாடியில் ஒரு பையன் தன் பாதையின் நடுவே 60-ஐ வைத்தான். அதில் கால் வைத்தவர்கள் யாரும் வெளியே வரவில்லை. பகடையில் எது விழுந்தாலும் மீதி இல்லை. அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, எல்லோரும் அவரவர் பாதையில் 60-ஐ ஒளித்து வைக்க இடம் தேடினார்கள். மீச்சிறு பொது மடங்கு என்று ஆறாம் வகுப்பில் படிக்கிற அக்கா ஒருத்தி பெரிய தோரணையோடு பெயர் சொன்னாள். 60-க்கு ஒன்று முன்னால் இருக்கும் 59, எல்லாக் கட்டங்களிலும் நல்ல கட்டம் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். எதால் வகுத்தாலும் விழுந்ததைவிட ஒன்றுதான் குறையும். ஆறு விழுந்தால் ஐந்து கட்டம் போகலாம். இப்போது பகடைக்குப் பதில் தாயக்கட்டையை வைத்து ஆடுகிறார்கள், 59-இல் நிற்கும்போது பன்னிரண்டு விழுந்தால் ஒரே தாவலில் 11 கட்டம் என்பதால். 60 மட்டும் அதற்கும் மசியவில்லை.